பெயர் கேட்காதீர்கள், பதிவுகளை அழிக்காதீர்கள்: திரையிசைக் களத்தின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

திரைப்பாடல்களைப் பற்றி நாம் எழுதிவரும் இந்த இணையக் களத்தின் முகப்பில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பில் மூன்று முடிவுகள் உள்ளன. உறுப்பினர் ஒவ்வொருவரும் உண்மைப் பெயரும் கைபேசி எண்ணும் தர வேண்டும். தராதவர்களின் கணக்கோடு அவர்கள் எழுதிய எல்லாப் பதிவுகளும் நீக்கப்படும். இனி உரையாடல் வாட்ஸப் குழுவில் நடக்கும். பழைய திரிகள் (ஒரு தலைப்பின் கீழ் தொடரும் பதிவுகள்) முதலில் பூட்டப்பட்டு, சர்வர் சந்தா முடியும்போது எடுக்கப்படும். இந்த மூன்றையும் நாங்கள் எதிர்க்கிறோம். தனிமடலில் கேட்டவர்களுக்கு "யோசித்துத்தான் முடிவெடுத்தோம்" என்ற ஒற்றை வரிதான் பதிலாக வந்தது. ஆகவே பொதுவில் எழுதுகிறோம்.

உங்கள் பாடு எங்களுக்குத் தெரியும். இரு இசையமைப்பாளர்களின் ரசிகர்கள் முட்டிக்கொள்ளும் இரவுகளில் அனானிகள் (பெயர் சொல்லாமல் எழுதுபவர்கள்) கொட்டிவிட்டுப் போகும் அசிங்கத்தை அள்ளுவது நீங்கள்தான். அதற்குச் சம்பளமும் இல்லை, நன்றியும் இல்லை. வசவை நிறுத்த வேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடே கிடையாது. ஆனால் இந்த அறிவிப்பு வசவாளர்களைத் தொடாது. அவர்களிடம் இன்னொரு சிம் இருக்கும். வெளியேறப் போகிறவர்கள் இந்தக் களத்தை உழைத்து உருவாக்கியவர்கள்.

பாடலாசிரியர், பாடகர் விவரங்களைச் சரிபார்க்கும் திரிகளைத் திறந்து பாருங்கள். ஒருவர் படம், ஆண்டு, இசைத்தட்டு எண், எந்தப் பக்கம், எத்தனையாவது பாட்டு என்று வரிசையாக எழுதுகிறார். ஒலிநாடா உறையில் பாடகி பெயர் மாறியிருக்கிறது என்று இன்னொருவர் சொல்கிறார். மூன்றாமவர் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிளையும், உள்வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் படம் பிடித்துப் போடுகிறார். லேபிளிலும் தவறு வரும் என்று நான்காமவர், அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் பக்கத்தை வைக்கிறார். திரி அங்கே முடிகிறது. இந்த நால்வரின் உண்மைப் பெயர் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வரவில்லை. லேபிளும் பாட்டுப் புத்தகமும் கண்முன்னால் இருக்கும்போது, அதைக் காட்டியவர் யார் என்பது எதற்கு?

ரசிகர் கூட்டம் நீடிப்பதன் சூட்சுமம் இதில்தான் இருக்கிறது. அன்னக்கிளி வந்தது 1976இல். அன்று தியேட்டரில் கேட்டவர்கள் எல்லோரும் இன்றுவரை ஒரே குழுவாக உட்கார்ந்திருப்பதால் அந்த ரசனை உயிரோடு இல்லை. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கல்லூரியில் இருக்கும்போது தினமும் எழுதியவர் வேலை, கல்யாணம், குழந்தை என்று பல ஆண்டுகள் காணாமல் போகிறார். பிறகு ஒருநாள் பழைய புனைபெயரிலேயே திரும்பி வந்து, பாதியில் விட்ட திரியில் அடுத்த வரியை எழுதுகிறார். அன்னக்கிளிக்கு முப்பது ஆண்டுகள் கழித்துப் பிறந்த பையன் ஏதோ ஒரு பாட்டின் இரண்டாவது இடையிசையைத் தேடி கூகுளில் வந்து விழுகிறான். ஒரு வருடம் எதுவும் எழுதாமல் வாசிக்கிறான். பிறகு ஒரு திருத்தம் போடுகிறான். நுழைய, விலக, திரும்ப வர, சும்மா வாசிக்க என்று எதற்கும் விலை வைக்காத இடம்தான் தலைமுறை தாண்டும். அடையாள அட்டை கேட்டால் இந்த நான்குக்கும் விலை வைத்ததாகிவிடும்.

"மறைக்க எதுவும் இல்லாதவர் பெயர் சொல்லத் தயங்க மாட்டார்" என்று உங்களில் ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் பெயரைச் சொன்னாலே ஆணா பெண்ணா, என்ன மதம் என்பது தெரிந்துவிடும். சில சமயம் சாதியும் ஊரும்கூடத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் எழுதியதை யாரும் பாட்டைப் பற்றிய கருத்தாகப் படிப்பதில்லை. "நீங்க அவருக்குத்தானே பேசுவீங்க" என்ற பதில் உடனே வரும். பெண்களுக்கு இது இன்னும் மோசம். வாட்ஸப் குழுவில் உள்ள எவரும் மற்றவருடைய எண்ணைப் பார்க்கலாம். ஒரு பெண் ராகத்தைப் பற்றி நான்கு வரி எழுதினால், அடுத்த நாள் அறிமுகமில்லாத எண்களிலிருந்து "ஹாய்" வந்து நிற்கும். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், திரைத்துறையிலேயே வேலை செய்துகொண்டு ஒலிப்பதிவுக் கூடத் தகவல்களைத் திருத்தித் தருபவர்கள் என்று உண்மைப் பெயரில் ஒரு வார்த்தைகூட எழுத முடியாதவர்கள் களத்தில் நிறையப் பேர். இரண்டாம் வயலின் யார் வாசித்தது என்பது போன்ற தகவல் இவர்கள் வழியாகத்தான் வெளியே வருகிறது.

புனைபெயருக்கும் முகமற்ற அனானிக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அறிவிப்பு கண்டுகொள்ளவில்லை. பல ஆண்டுகள் ஒரே புனைபெயரில் எழுதுகிறவருக்குக் காப்பாற்ற வேண்டிய மதிப்பு ஒன்று உண்டு. பெயரே கேட்காத ஜப்பானின் 2சேனல் தளம் 1999இல் தொடங்கியது. அங்கேயும் டிரிப்கோடு என்ற ஏற்பாடு இருந்தது. எழுதுபவர் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு சொல்லைத் தட்டினால், அதிலிருந்து கணக்கிட்ட குறி அவர் பதிவில் விழும். நேற்று எழுதியவரும் இன்று எழுதுபவரும் ஒரே ஆள்தான் என்பது தெரியும், அவர் யார் என்பது தெரியாது. நம்பிக்கைக்கு அவ்வளவு போதும்.

அடையாளம் கேட்டால் வசவு நிற்குமா என்பதை ஒரு நாடே சோதித்துப் பார்த்துவிட்டது. பெரிய தளங்களில் கருத்து எழுதுவோரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று தென்கொரியா 2007இல் கட்டாயமாக்கியது. 2011 ஜூலையில் நேட், சைவேர்ல்ட் தளங்களிலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடுபோயின. 2012 ஆகஸ்ட் 23 அன்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. சட்டவிரோதப் பதிவுகள் குறிப்பிடும்படி குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் தீர்ப்பில் சொன்னது. கூகுள் பிளஸும் 2011இல் உண்மைப் பெயர் விதியோடு தொடங்கி, கணக்குகளை முடக்கி, எதிர்ப்பைச் சம்பாதித்து, 2014 ஜூலையில் அந்த விதியைக் கைவிட்டது. பணமும் பொறியாளர்களும் உள்ள நிறுவனங்களாலேயே முடியாததை, சர்வர் வாடகைக்குச் சந்தா திரட்டும் நாம் எப்படிச் செய்யப் போகிறோம்? நம் உறுப்பினர்களின் எண்கள் எந்த எக்செல் தாளில், யாருடைய மடிக்கணினியில் கிடக்கும் என்பதையாவது சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது முடிவுதான் எங்களை அதிகம் பதற வைக்கிறது. பெயரில்லாப் பதிவுகளுக்கு ஆவண மதிப்பு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சுசுமியா ஹாருஹி அனிமே தொடர் 2006இல் ஒளிபரப்பானபோது அதன் 14 பகுதிகளும் கதை வரிசைப்படி வரவில்லை. எந்த வரிசையில் பார்ப்பது என்ற ரசிகர் விவாதத்திலிருந்து, எல்லா வரிசைகளிலும் பார்த்து முடிக்கக் குறைந்தது எத்தனை பகுதிகள் பார்க்க வேண்டும் என்ற கேள்வி 2011இல், பெயரில்லாமல் எழுதும் 4சான் தளத்தில் கிளம்பியது. ஓர் அனானி, இதற்குக் குறைவாக முடியாது என்ற கீழ்வரம்பு ஒன்றை நிறுவிக் காட்டினார்: 9,388 கோடிக்கும் மேல். கணித அறிஞர்கள் திண்டாடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கு அது பகுதி விடை என்பது 2018இல்தான் பரவலாகத் தெரிந்தது. அதை முறைப்படி எழுதிய கட்டுரையின் முதல் ஆசிரியர் இடத்தில் பெயரில்லாத 4சான் பதிவர் என்றே போட்டார்கள். 4சானில் பழைய திரிகள் தாமாகவே அழிந்துவிடும். அந்த நிறுவல் தப்பியதற்குக் காரணம், யாரோ ஒரு ரசிகர் அதை விக்கி ஒன்றில் எடுத்து வைத்ததுதான். எழுதியவரின் அடையாளம் இன்றுவரை தேவைப்படவில்லை. எழுதியது காப்பாற்றப்பட்டிருப்பதுதான் தேவைப்பட்டது.

பதிவுகளை மொத்தமாக நீக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் உண்டு. 2007 மே மாத இறுதியில் லைவ்ஜர்னல் என்ற வலைப்பதிவுத் தளத்தின் நிறுவனம் ஏறத்தாழ 500 கணக்குகளை ஒரே வீச்சில் முடக்கியது. ஒரு நாவலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வாசகர் குழுவும் அதில் அடிபட்டது. நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டது, பல கணக்குகளைத் திருப்பியும் தந்தது. ஆனால் ரசிகர்களின் நம்பிக்கை திரும்பவில்லை. அதே ஆண்டு ரசிகர்கள் சேர்ந்து சொந்த அமைப்பு ஒன்றை நிறுவினார்கள்; அதன் ரசிகர் படைப்புக் காப்பகமான ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் 2009 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. கணக்குத் தொடங்க அங்கே கேட்பது ஒரு மின்னஞ்சல் முகவரி. 2019இல் அதற்கு, அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது கிடைத்தது.

அந்தக் காப்பகத்தில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒரு வசதி இருக்கிறது. விலக விரும்புகிறவர் தன் படைப்பை அழிக்காமல், பெயரை மட்டும் கழற்றிவிட்டுப் போகலாம். படைப்பு ஒரு பொதுக் கணக்குக்கு மாறும், வாசகர் கருத்துகள் அப்படியே இருக்கும். இதைச் செய்ய நமக்குப் புதிய மென்பொருள் தேவையில்லை. நம் களம் ஓடும் பிஹெச்பிபிபி மென்பொருளில் ஒரு கணக்கை நீக்கும்போது பதிவுகளை வைத்துக்கொள்வதா, அவற்றையும் நீக்குவதா என்று நிர்வாகப் பக்கமே கேட்கும். முதலாவதைத் தேர்ந்தால் எழுத்து நிற்கும், கணக்கு போகும். இரண்டாவதைத் தேர்ந்தால் திரியின் நடுவிலிருந்து செங்கற்கள் உருவப்படும்: கேள்வி போய்ப் பதில் மட்டும் நிற்கும், தவறு நின்று திருத்தம் போய்விடும். நீக்கியதை மீட்கும் பொத்தான் கிடையாது. பழைய பேக்கப்பிலிருந்து முழுத் தளத்தையும் பின்னோக்கி இழுக்க வேண்டும். எழுதியவரே தன் பதிவை அழிக்கச் சொன்னால் அழிக்கத்தான் வேண்டும், அது அவர் உரிமை. அவர் கேட்காமல் நீங்கள் அழிப்பது வேறு.

வாட்ஸப்புக்குப் போவதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. குழுவின் உச்சவரம்பு 1,024 பேர். தேடுபொறிக்கு உள்ளே வழியில்லை. சேர்வதற்கு முன் நடந்த உரையாடல் புதியவருக்கு இயல்பாகத் தெரியாது. ஏற்றுமதி செய்தால் படங்களோடு சுமார் 10,000 செய்திகள், படங்கள் இல்லாமல் சுமார் 40,000, அதற்கு மேல் வராது. காலை வணக்கப் படங்களுக்கு நடுவே ஒரு இசைத்தட்டு எண்ணைத் தேடிப் பாருங்கள், புரியும். அன்றாட அரட்டைக்குக் குழு இருக்கட்டும், மறுப்பில்லை. எண்ணை மறைக்கவும் பழைய உரையாடலைப் புதியவருக்குக் காட்டவும் டெலிகிராமில் அமைப்பு உண்டு. வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள். திரிகளின் இடத்தை எந்த அரட்டைச் செயலியாலும் நிரப்ப முடியாது.

மூடிய இடத்தில் சேர்ந்தது எப்படிப் போகும் என்பதைத் தமிழ் இணையம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற குழுக்கள் இயங்கிய யாஹூ குழுமங்களை மூடப்போவதாக 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. அந்த டிசம்பரில் அழிப்பதாகச் சொல்லி, விவரங்களை இறக்கிக்கொள்ள 2020 ஜனவரி 31 வரை நீட்டித்தார்கள். 2020 டிசம்பர் 15 அன்று குழுமங்கள் முற்றிலும் நின்றன. யாரேனும் உறுப்பினர் எடுத்து வைத்ததுதான் மிச்சம். கடவுச்சொல்லை மறந்து, மின்னஞ்சல் முகவரியும் மாறிப்போனவர்களால் தங்கள் எழுத்தையே எடுக்க முடியவில்லை.

நம் களத்திலேயே ஒரு காயம் இருக்கிறது. 2017 ஜூன் இறுதியில், படங்களைச் சேமித்து வைக்கும் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், வெளித்தளங்களில் படங்களைக் காட்ட ஆண்டுக்கு 399.99 டாலர் என்று விதித்தது. அதுவரை உலகெங்கும் ரசிகர் திரிகளில் தெரிந்துகொண்டிருந்த படங்கள் திடீரென்று சாம்பல் பெட்டிகளாகின. "ஆதாரம் கீழே" என்ற வரிக்குக் கீழே இன்று எதுவும் இல்லாத திரிகள் நம்மிடமும் உள்ளன. படங்களை மறுபடி எடுத்துத் தரக்கூடியவர்கள், அந்தத் தட்டுகளை இன்னும் வீட்டில் வைத்திருக்கும் அதே புனைபெயர்க்காரர்கள்தான். அவர்களைத்தான் இப்போது வெளியே போகச் சொல்கிறீர்கள்.

சர்வரை விட்டுவிடும் முன் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது, அதில் தவறக்கூடிய இடங்களும் இருக்கின்றன. தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் இணைப்புப் படங்கள் வராது. அவை தனிக் கோப்புறையில் இருக்கும். பழைய அட்டவணைகளில் யூனிகோடு தமிழ், ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 என்ற குறியோடு கிடந்தால், ஏற்றுமதியில் இரண்டு முறை மாற்றமாகி எல்லாத் தமிழும் ஐரோப்பியக் கிறுக்கலாக வரும். வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்து, பழைய திரி ஒன்றைக் கண்ணால் படிக்காமல் பேக்கப் முடிந்தது என்று சொல்லவே கூடாது. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறிமுறையான டிஸ்கியில் உள்ள பதிவுகளுக்கு இன்னொரு சிக்கல். டிஸ்கியில் கொம்பு எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். மாற்றும் நிரல் இதைச் சரியாகக் கையாளாவிட்டால் "கெ", "கொ" எல்லாம் உடைந்து, தேடினால் ஒரு பாட்டும் அகப்படாது. மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு நகலை மட்டும் மாற்ற வேண்டும். லினக்ஸில் உள்ள ஐகான்வ் கருவிக்கு டிஸ்கி தெரியும். பொதுவில் வைக்கும் பிரதியிலிருந்து மின்னஞ்சல், ஐபி முகவரி, தனிமடல், கடவுச்சொல் பகுதிகளைக் கழிக்க வேண்டும். வெளித்தளப் படங்களில் இன்னும் உயிரோடு இருப்பவற்றை முதலில் இறக்க வேண்டும், அவைதான் முதலில் சாகும்.

பெயரில்லாமையில் மெய்யான ஆபத்து ஒன்று உண்டு என்பதை நாங்களே சொல்கிறோம். சர்வரும் டொமைனும் (தள முகவரியும்) ஒரே புனைபெயர்க்காரர் கையில் இருந்து, அவர் ஒருநாள் வராமல் போனால், யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எவருக்கும் தெரியாது. டாட் காம் போன்ற டொமைன் காலாவதியானால் பதிவாளர் தரும் சலுகைக் காலம் அதிகபட்சம் 45 நாள். அதன் பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள். பிறகு யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஆயிரம் உறுப்பினர்களின் எண்களைச் சேர்ப்பதால் இந்த ஓட்டை அடைபடாது. நிர்வாகிகள் மூவர் தங்களுக்குள் மட்டும் உண்மை விவரங்களைப் பரிமாறிக்கொண்டாலே அடைபடும்.

வசவுக்கு மருந்து உங்கள் நிர்வாகப் பக்கத்திலேயே இருக்கிறது. பிஹெச்பிபிபியில் புது உறுப்பினருக்கென்று தனிப் பிரிவு உண்டு. முதல் 3 பதிவுகள் மட்டுறுத்துநர் (பதிவுகளைக் கண்காணிப்பவர்) பார்த்த பிறகே வெளியாகும்படி வைக்கலாம். வந்த வேகத்தில் திட்டிவிட்டு ஓடுபவர் அங்கேயே வடிகட்டப்படுவார். சண்டைத் திரிகளில் ஒருவருக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு பதிவு என்று வையுங்கள். தற்காலிக மின்னஞ்சல் தளங்களைத் தடுங்கள். சொல் வடிகட்டியை மட்டும் நம்பாதீர்கள். நடுவில் புள்ளி வைத்தும் ஆங்கில எழுத்து கலந்தும் எழுதிவிடுவார்கள், அப்பாவிப் பாடல் வரிதான் மாட்டும். மட்டுறுத்துநர்கள் போதவில்லை என்பதுதான் மூலப் பிரச்சினை. ஆள் கேளுங்கள், நாங்கள் வருகிறோம்.

எங்கள் கோரிக்கைகள் இவை.

உண்மைப் பெயர், கைபேசி எண் விதியை முழுவதுமாகத் திரும்பப் பெறுங்கள். மின்னஞ்சலும் மாறாத ஒரு புனைபெயரும் போதும் என்று அறிவியுங்கள். இதுவரை எண் கொடுத்துவிட்டவர்களின் பட்டியலை அழித்து, அழித்ததைப் பொதுவில் சொல்லுங்கள்.

கேட்காதவரின் பதிவு எதையும் நீக்காதீர்கள். விலகுகிறவர்களுக்குப் பெயரை மட்டும் கழற்றும் வழியைத் திறந்துவிடுங்கள். நீக்கும் வேலை ஏற்கெனவே தொடங்கியிருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

திரிகள் பொதுவிலேயே, தேடுபொறிக்குத் தெரியும்படி இருக்கட்டும். சர்வர் செலவுக் கணக்கை வெளியிடுங்கள். எவ்வளவு குறைகிறது என்று தெரிந்தால் திரட்டித் தர ஆள் இருக்கிறது.

மேலே சொன்ன முறையில் முழுப் பேக்கப் எடுத்து, மூன்று பேரிடம், குறைந்தது இரண்டு ஊர்களில் வையுங்கள். தனிவிவரங்கள் கழித்த பிரதியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விடுங்கள். டொமைன், சர்வர் சாவிகளை ஒருவரிடம் மட்டும் வைக்காதீர்கள்.

புது உறுப்பினர் பதிவுகளைச் சரிபார்க்கும் முறையை மூன்று மாதம் நடத்திப் பாருங்கள். அந்தக் காலத்தில் எத்தனை பதிவுகள் தடுக்கப்பட்டன, எத்தனை தப்பி வந்தன என்ற கணக்கைக் களத்தில் போடுங்கள். அதன் பிறகும் வசவு குறையவில்லை என்றால், அடுத்து என்ன செய்வது என்பதை உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு விடுங்கள்.

அறிவிப்பில் நீங்கள் குறித்திருக்கும் கெடு முடிவதற்குள், இந்த ஐந்துக்கும் தனித்தனியே, பொதுத் திரியில் பதில் தாருங்கள்.

களத்தில் புனைபெயரில் எழுதும் உறுப்பினர்கள்